தாத்தாவின் புல்லட்: கழற்றும் முன் ஓட வையுங்கள்

கேள்வி இது: தாத்தா ஓட்டிய 1984 மாடல் புல்லட் 350, ஏழெட்டு வருடமாக மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. தாத்தா இப்போது இல்லை. வண்டியை எடுத்து ஓட்ட ஆசை. பழையபடியே கொண்டு வருவதா, கஃபே ரேசர் (பந்தய வண்டி போலக் குனிந்து ஓட்டும் வடிவம்) மாதிரி மாற்றிவிடுவதா? எங்கே தொடங்குவது? எவ்வளவு வேலையை நானே செய்யலாம்? இதற்குப் பதிலாக ஒரு பழைய பியட் கார் வாங்கினால் எப்படி?

முதலில் வண்டியை ஓட வையுங்கள். பெயிண்ட், குரோம், சீட், ஹேண்டில்பார் பற்றியெல்லாம் அதன் பிறகு யோசிக்கலாம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆசை வந்த வேகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்த வண்டியையும் கழற்றி, டேங்க்கையும் மட்கார்டையும் பெயிண்டரிடம் கொடுத்து, இன்ஜினைச் சாக்கில் கட்டி வைத்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் எந்த போல்ட் எங்கே இருந்தது என்பது மறந்துபோகும், கையில் இருந்த பணமும் தீர்ந்துபோகும். இப்படிப் பாதியில் நின்ற வண்டிகள் சாக்கு மூட்டையாகவே கைமாறுவதை இந்தப் பழைய வண்டி உலகத்தில் அடிக்கடி பார்க்கலாம். ஓடுகிற வண்டியில் குறையைத் தேட முடியும். புகையின் நிறம், சத்தம், ஆயில் கசியும் இடம், கியர் விழுகிற விதம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு தகவல் இருக்கிறது. கழற்றிப் போட்ட வண்டியில் அது எதுவும் கிடைக்காது. எதை மாற்ற வேண்டும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றுவீர்கள், நல்ல பழைய சாமானைத் தூக்கிப் போட்டுவிட்டு மட்டமான புதுச் சாமானை மாட்டுவீர்கள்.

உங்களிடம் இருப்பது என்ன வண்டி என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் ரெடிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து, 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் முதலில் ரெடிச்சிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு வார்ப்பு அச்சுகளும் கருவிகளும் இங்கேயே வந்தன, முழு வண்டியும் இங்கேயே உருவாகத் தொடங்கியது. ரெடிச் கடையை மூடிய பிறகும் திருவொற்றியூர் அதே வண்டியைச் செய்துகொண்டிருந்தது. பிஸ்டன் அகலம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர், மொத்தம் 346 சிசி. அகலத்தைவிட ஓட்டம் நீளம், உள்ளே பிளைவீல் எனும் கனமான சுழல் சக்கரம் இரண்டு. அந்த நிதானமான சத்தமும், குறைந்த வேகத்தில் டாப் கியரில் ஏறிப்போகிற இழுவையும் இதனால் வருவதுதான். பிஸ்டன் ஓடும் பேரல் வார்ப்பிரும்பு என்பதால் நம்மூரில் இதை ‘காஸ்ட் அயர்ன் புல்லட்’ என்கிறோம். 2010 வாக்கில் இந்த இன்ஜின் நிற்கும் வரை அடிப்படை வடிவம் பெரிதாக மாறவில்லை. உங்களுக்கு இது பெரிய கொடுப்பினை. 1984 வண்டிக்கு வேண்டிய சாமான் இன்றும் கிடைக்கும், அதைப் பூட்டத் தெரிந்த கைகளும் இருக்கின்றன.

ஸ்பானரைத் தொடுமுன் பீரோவில் ஆர்.சி. புக்கைத் தேடுங்கள். இது அலுப்பான வேலைதான். ஆனால் பணம் போட்டு வண்டியை மின்ன வைத்த பிறகு பேப்பர் சரியில்லை என்று தெரிந்தால் வருகிற வேதனைக்கு அளவே இல்லை. சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, புத்தகத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கம்பி பிரஷ், கிரைண்டர் எதுவும் அந்த இடத்தில் படக்கூடாது. வண்டி தாத்தா பெயரில் இருக்கிறது, அவர் காலமாகிவிட்டார் என்பதால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருடம், அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குப் படிவம் 25. நடுவில் விட்டுப்போன காலத்துக்கு மாதக் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும், தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025இல் மேலும் கூடியது. பழைய கையெழுத்துப் புத்தகமாக இருந்தால், விவரம் கணினியில் ஏறியிருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். ஏறாவிட்டால் முதலில் அதைச் செய்ய வேண்டியிருக்கும். விண்டேஜ் பதிவு என்று ஒன்று 2021இல் வந்தது. நம்பர் பிளேட்டில் ‘விஏ’ எழுத்துகள் வரும். அது முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு மட்டும். உங்கள் வண்டிக்கு 2034 வரை அந்தப் பேச்சே இல்லை. வந்தாலும் அவசரப்படாதீர்கள், அந்தப் பதிவில் உள்ள வண்டியைக் கண்காட்சி, ரேலி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது.

இனி வண்டிக்கு வருவோம். நின்ற வண்டியைப் பார்த்ததும் கிக்கரை மிதிக்கத் தோன்றும். மிதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் விடுங்கள். பேரல் சுவரில் ஒட்டியிருக்கும் ரிங்குகள் இளகட்டும். பிறகு இன்ஜினுக்குள் அடைபட்ட அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கையால் கிக்கரை மெதுவாக இறக்குங்கள். இறங்கினால் பாதி நிம்மதி. கிக்கர் இறங்கியும் பிஸ்டன் நகராவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது, கிக்கரே இறங்காவிட்டால் ரிங்கோ வால்வோ பிடித்திருக்கலாம், பலம் போட வேண்டாம்.

அடுத்தது ஆயில். இந்த இன்ஜினில் ஆயில் டேங்க், இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். வண்டி நாள்கணக்கில் நின்றால் அந்த ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து பிளைவீல் சுற்றுகிற அறைக்கு இறங்கிவிடும். மேலே அளவுகோலில் பார்த்தால் ஆயிலே இல்லாதது போலத் தெரியும். அதை நம்பி மேலும் ஊற்றினால் இன்ஜினில் இருமடங்கு ஆயில் ஆகிவிடும், ஸ்டார்ட் ஆனதும் புகைமண்டலம்தான். அடியில் டேங்க்குக்கு ஒரு டிரெயின் போல்ட், கிராங்க் அறைக்கு ஒன்று. இரண்டையும் திறந்து முழுக்க வடியுங்கள். வடிந்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை என்றால் அலுமினியம் தேய்ந்த மாவு, ஓரளவு இருப்பது இயல்பு. காந்தத்தில் ஒட்டுகிற செதில்கள் வந்தால் இன்ஜினைத் திறக்காமல் ஓட்டக்கூடாது. வலப்பக்க டைமிங் கவரில் உள்ள ஃபெல்ட் ஃபில்டரையும் புதிதாகப் போடுங்கள். வாஷரும் ஸ்பிரிங்கும் எந்த வரிசையில் வருகின்றன என்று கழற்றும்போதே போனில் படம் எடுத்து வையுங்கள். 20டபிள்யூ50 ஆயில் போதும். விலை உயர்ந்த சிந்தெடிக் இந்த இன்ஜினுக்குத் தேவையில்லை.

ஸ்டார்ட் ஆனதும் முதல் வேலையாக, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குப் போகும் மெல்லிய ஆயில் பைப்பைப் பிடித்திருக்கும் பான்ஜோ போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, ஆயில் அங்கே வந்து சேர்கிறதா என்று பாருங்கள். பிஸ்டனைத் தாங்கும் ராடின் அடிமுனை கிராங்க்கில் மாட்டும் இடத்தைப் பிக் எண்ட் என்பார்கள். இந்த இன்ஜினில் அங்கே இருப்பது உருளை பேரிங் அல்ல, மிதக்கும் புஷ். அதற்கு உயிரே ஆயில்தான். ஒரு நிமிடம் ஓடியும் ஹெட்டில் ஆயில் எட்டிப் பார்க்கவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு பம்பைக் கவனியுங்கள்.

கிளட்ச் பிளேட்டுகள் இத்தனை வருடத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். புல்லட்டில் கிக்கர் கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. அதனால் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை நாலைந்து முறை மிதித்தால் பிளேட்டுகள் பிரிந்துவிடும். அந்த நேரத்தில் இன்ஜின் சுற்றாது. பிரியாவிட்டால் இடப்பக்கக் கவரைத் திறக்க வேண்டியதுதான்.

பெட்ரோல் விஷயத்தில் நம் காலத்துக்கே உரிய ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1984இல் இந்த வண்டிக்கு ரப்பர், கார்க் சாமான் செய்தவர்கள் எத்தனாலை நினைத்தே பார்க்கவில்லை. பெட்ரோல் ஓஸ் பிசுபிசுத்து உள்ளே உரியும், டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் பெட்காக்கில் உள்ள கார்க் சுருங்கிக் கசியும், கார்பரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட் நீடில் நுனி கெடும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். வண்டி நின்றால் தண்ணீர் தனியாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். எனவே ஓஸ், பெட்காக் வாஷர், ஃப்ளோட் நீடில் மூன்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் புதிதாகப் போட்டுவிடுங்கள், செலவு சொற்பம். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை சற்று வறண்டு போகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது. நன்றாக ஓட்டி வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் என்றால் சரி. சுண்ணாம்பு வெள்ளை என்றால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்குங்கள். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், ஈரமான கறுப்பு என்றால் ஆயில் மேலே ஏறுகிறது. கார்பரேட்டர் ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். அது பித்தளை, துளை பெரிதாகிவிடும். கார்பரேட்டர் கிளீனர் அடித்து காற்று ஊதினால் போதும்.

டேங்க்குக்குள் துரு இருக்கும், இல்லாமல் இருக்காது. சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து ஊற்றி ஓரிரு நாள் விட்டு, பிறகு சமையல் சோடா கரைசலால் அலசி, ஹேர் டிரையர் அல்லது கடும் வெயிலில் உடனே காய வையுங்கள். ஈரத்தோடு விட்டால் மறுநாளே மறுபடி சிவந்துவிடும். டேங்க்கில் ஓட்டை இருந்து வெல்டிங் போக வேண்டியிருந்தால், பெட்ரோல் வாசனை துளியும் இல்லாமல் கழுவி, தண்ணீர் நிரப்பிய பிறகே நெருப்பு அருகில் போகலாம். காலி டேங்க்கில் மிஞ்சியிருக்கும் ஆவிதான் வெடிக்கும். இதில் அலட்சியமான பட்டறையிடம் டேங்க்கைக் கொடுக்காதீர்கள்.

எலெக்ட்ரிக் பக்கம், அந்தக் காலத்து வண்டி பெரும்பாலும் 6 வோல்ட். முதலில் ஒரு புது பேட்டரி, புது பிளக், புது கண்டென்சர். மின்சாரத்தைத் துண்டித்துப் பிளக்கில் பொறி வரவைக்கும் பாயிண்டை மெல்லிய அரத்தால் துடைத்து இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துச் சரிசெய்யுங்கள். வண்டி குளிர்ச்சியில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் அணைந்து, ஆறிய பிறகுதான் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்றால் பெரும்பாலும் கண்டென்சர் அல்லது காயில். இதைத் தெரியாமல் கார்பரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டுபவர்கள் ஏராளம். இன்னொன்று, ஆம்பியர் மீட்டரை அழகுக்கு வைத்ததாக நினைக்காதீர்கள். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக இறக்கினால் முள் பேட்டரி செலவாகும் பக்கம் (மைனஸ்) சாய்ந்து, பிறகு நடுவுக்கு வரும். முள் நடுவுக்கு வந்த இடத்தில் டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை ஒரு துளி இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுதாக ஒரே மிதி. இந்த முறை கைவந்தால் கணுக்காலைப் பதம் பார்க்கும் பின்னடியும் இல்லை, பத்து மிதியும் இல்லை. உங்கள் தாத்தாவுக்கு இது கண்ணை மூடிக்கொண்டே வந்திருக்கும்.

டாப்பெட், அதாவது வால்வைத் தள்ளும் பாகங்களின் இடைவெளி, சரிசெய்வதை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள், இந்த இன்ஜினோடு பழக இதைவிட நல்ல வழி இல்லை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் நிற்க, பேரலின் வலப்பக்கம் உள்ள சிறு மூடியைத் திறந்தால் இரண்டு புஷ் ராடுகளின் அடிப்பகுதி தெரியும். ராடை விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆடக்கூடாது. அவ்வளவுதான் அளவு. அரை மணி நேர வேலை, இதற்குப் பிறகு வண்டியின் சத்தமே மாறும்.

இதற்கு நல்ல ஸ்பானர் வேண்டும். உங்கள் வண்டியில் மில்லிமீட்டர் மரையும் பழைய பிரிட்டிஷ் மரையும் கலந்திருக்கும். பிரிட்டிஷ் நட்டில் மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்துத் திருகினால் அரைகுறையாகப் பிடித்து நட்டின் முனையை மழுங்கடித்துவிடும். பழைய வண்டிகளில் மழுங்கிய நட்டுகளைப் பார்த்தாலே எத்தனை அவசரக் கைகள் பட்டிருக்கின்றன என்று தெரியும். விட்வொர்த் எனும் அந்தப் பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பானர் செட் ஒன்று வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய ஸ்பானர்கள் எடைக்குக் கிடைக்கும், அவை இன்றைய மலிவுச் செட்டைவிடப் பல மடங்கு உறுதி.

வண்டி ஓடத் தொடங்கியதும் ஒரு மாதம் ஊருக்குள் ஓட்டிக் காதைத் தீட்டுங்கள். மேலிருந்து வரும் மெல்லிய டிக் டிக் டாப்பெட். குளிரில் கேட்டு, சூடானதும் குறைகிற தட்டல் பிஸ்டன் பேரலில் ஆடுவது, சற்று நாள் பொறுக்கலாம். மேட்டில் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது அடிவயிற்றிலிருந்து வரும் கனமான டொக் டொக் பிக் எண்ட், அது கேட்டால் அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். நீலப்புகை ஸ்டார்ட் ஆன சில நிமிடத்தில் நின்றுவிட்டால் முன்பு சொன்ன ஆயில் இறக்கம், பயமில்லை. எப்போதும் புகைந்தால் ரிங் அல்லது பேரல். சரிவில் ஆக்சிலேட்டரை மூடி இறங்கி, மறுபடி திறக்கும்போது மட்டும் புகை வந்தால் வால்வு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. இப்படித் தெரிந்துகொண்டு இன்ஜினைத் திறந்தால் திறக்க வேண்டிய அளவுக்கு மட்டும் திறப்பீர்கள்.

திறக்க வேண்டி வந்தால், அந்த வேலையின் தரம் மெக்கானிக்கைவிட லேத்துக்காரர் கையில்தான் அதிகம் இருக்கிறது. ரீபோர் (தேய்ந்த பேரலின் உட்சுவரைச் சற்றுப் பெரிதாகக் கடைவது) செய்பவர் பேரலை மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக போர் கேஜ் வைத்து அளக்கிறாரா என்று கவனியுங்கள். புது பிஸ்டனைக் கையில் கொடுத்தால்தான் போர் போடுவேன் என்று சொல்பவரே சரியான ஆள். ‘நாளைக்கு வாங்க, முடிச்சு வைக்கிறேன், பிஸ்டன் அப்புறம் பாத்துக்கலாம்’ என்பவரிடமிருந்து பேரலை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கிராங்க்கைப் பிரித்துப் பூட்டிய பிறகு இரண்டு பிளைவீலும் ஒரே கோட்டில் சுற்றுகின்றனவா என்று சென்டரில் மாட்டி டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டிக் கண்ணளவில் விடும் பட்டறை இருக்கிறது, அங்கே பூட்டிய இன்ஜின் காலமெல்லாம் உதறும். கோயம்புத்தூர் பக்கம் என்றால் உங்களுக்குக் கவலை இல்லை. பம்பும் மோட்டாரும் செய்து பழகிய ஊர், நூலிழை பிசகாமல் கடையும் கைகள் தெருவுக்குத் தெரு உண்டு. சென்னையில் பழைய ஆட்கள் குறைந்துவருகிறார்கள். இருக்கும் வரை அவர்களிடம் வேலையைக் கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள். இந்தக் கைத்திறன் போய்விட்டால் இந்த வண்டிகளை எந்தப் பணமும் ஓட வைக்காது.

சாமான் வாங்குவதில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பழைய அசல் சாமானைச் சரிசெய்ய முடிந்தால் புது டூப்ளிகேட்டைத் தொடாதீர்கள். கேம், டாப்பெட், கியர் போன்றவற்றில் எஃகின் கடினம்தான் எல்லாம், அது கண்ணுக்குத் தெரியாது. பளபளக்கும் புது கேம் ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்து போகலாம், நாற்பது வருடம் ஓடிய அசல் கேம் இன்னும் நிற்கும். சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் சாலை புதுச் சாமானுக்கு, புதுப்பேட்டை பழையதற்கு. டெல்லி கரோல் பாக்கிலிருந்தும் வரவழைக்கலாம். எங்கே போனாலும் கழற்றிய சாமானைக் கையில் எடுத்துப் போய், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். மாடல் சொல்லி வாங்கினால் பாதிப்பேருக்கு மறுபடி அலைச்சல்.

பிரேக்கை வேகத்துக்கு முன்னால் சரிசெய்யுங்கள். பழைய புல்லட்டின் டிரம் பிரேக் பிடிக்காது என்ற பெயருக்குப் பாதிக் காரணம் பராமரிப்பின்மை. டிரம் நீள்வட்டமாகியிருக்கும், லேத்தில் லேசாகக் கடைந்து வட்டமாக்கலாம். ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டி, டிரம்மின் வளைவுக்கு ஏற்றபடி அதைத் தேய்த்து, முழுப் பரப்பும் தொடும்படி செய்தால் நிற்கிற விதமே வேறாகும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நின்றே காய்ந்துபோன டயரில் ஏறாதீர்கள். இந்த வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய பைக்கில் பழகிய கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். காலி மைதானத்தில் கால் பழகும் வரை சாலைக்கு வர வேண்டாம்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி, மாற்றலாமா. மாற்றுவதை நான் எதிர்ப்பவன் அல்ல. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே சென்னைப் பட்டறைகளுக்கு வண்டியைப் பிரித்து வேகமாக்கும் கலை தெரியும், அது மதிப்பான கலைதான். ஆனால் உங்கள் வண்டிக்கு என் பதில்: திரும்ப மாட்ட முடிகிற மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். ஃபிரேமில் ரம்பம் வைக்காதீர்கள். கஃபே ரேசர் என்று சொல்லி பின் ஃபிரேமை வெட்டினால் அதோடு தாத்தாவின் வண்டி போயிற்று. கிடைப்பதோ சுமார் 18 குதிரைத்திறனில் முதுகை வளைத்து ஓட்டும் வண்டி. சட்டமும் இதற்கு எதிராகவே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வெட்டிய வண்டியை அடுத்த புதுப்பிப்பின்போது ஆர்.டி.ஓ. முன் நிறுத்த முடியாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். நிறம் மாற்றினால்கூட ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் மாற்றங்களில் செய்யத் தகுந்தவை பல உண்டு. 6 வோல்ட்டை 12 ஆக்கி, புது ஒயரிங், பியூஸ் பாக்ஸ், நல்ல ஹெட்லைட் போடுங்கள், இரவில் உயிர்காக்கும். பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் பூட்டலாம், கழற்றிய பாயிண்ட் தட்டை அப்படியே எடுத்து வைத்தால் நடுவழியில் கிட் செத்தால் திரும்ப மாட்டி வீடு வரலாம். நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுவதாக இருந்தால் கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டை ஒரு பல் கூட்டுங்கள், அதே வேகத்தில் இன்ஜின் நிதானமாகச் சுற்றும். ஹேண்டில்பாரும் சீட்டும் உங்கள் உயரத்துக்கு மாற்றுவதில் தவறில்லை. சைலன்சரை மட்டும் விட்டுவிடுங்கள். உள்ளே ஒன்றுமில்லாத குழாயை மாட்டினால் கலவை வறண்டு எக்ஸாஸ்ட் வால்வு எரியும், போலீஸ் அபராதம் தனி, தெருவில் தூங்கும் குழந்தைகளின் சாபம் தனி. இந்த இன்ஜினின் உண்மையான சத்தம் அசல் நீளச் சைலன்சரில்தான் கேட்கும். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் ஆயில் தடவி, காகிதத்தில் சுற்றி, பெயர் எழுதி ஒரே பெட்டியில் வையுங்கள்.

பெயிண்ட் கடைசி. அதற்கு முன், தாத்தா காலத்துப் பெயிண்ட் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று நல்ல பாலிஷ் போட்டுப் பாருங்கள். புல்லட் டேங்க்கின் தங்கக் கோடு தொழிற்சாலையிலேயே தூரிகை பிடித்துக் கையால் இழுத்தது. கொஞ்சம் மங்கி, அங்கங்கே உரிந்திருந்தாலும் அதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். புதுப் பெயிண்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், சுரண்டியதைத் திரும்பக் கொண்டு வர வழியில்லை. அடித்தே ஆக வேண்டும் என்றால், கனமாகப் பட்டி பூசி மறைக்காத டிங்கரைத் தேடுங்கள். பவுடர் கோட்டிங் செய்தால் சேசிஸ் நம்பர் மேல் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். கோட்டிங் எழுத்தை மூடிவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது தகராறு. இன்ஜின் கேஸை மணல் ஊதிச் சுத்தம் செய்ய ஒருபோதும் விடாதீர்கள். ஆயில் போகும் மெல்லிய வழிகளில் மணல் தங்கிவிடும், புதிதாகப் போட்ட பிக் எண்டை அது சில வாரங்களிலேயே தின்றுவிடும்.

பியட் பற்றிக் கேட்டீர்கள். இந்த வண்டியை முடித்து ஒரு வருடம் ஓட்டிய பிறகு பாருங்கள். நம்மூரில் பியட் என்று சொல்லும் பத்மினி காரின் இன்ஜின் எளிமையானது, பயமே வேண்டாம். காரில் பணத்தைத் தின்பது தகரம்தான். தரை, கதவுக்கு அடியில் உள்ள பகுதி, மட்கார்ட் உட்புறம் மூன்றையும் துரு தின்றிருந்தால் ஓடுகிற இன்ஜின் இருந்தும் பயனில்லை. கூரையுள்ள இடம் இல்லாமல் பழைய கார் வாங்கவே கூடாது.

ரீபோர் செய்திருந்தால் முதல் 500 கிலோமீட்டர் ஐம்பது வேகத்தைத் தாண்டாமல், ஒரே வேகத்திலும் போகாமல், இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு ஓட்டுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, ஹெட் நட்டுகளை ஆறிய நிலையில் மறுபடி இறுக்குங்கள். அதன் பிறகு ஆயில், டாப்பெட், பாயிண்ட், செயின் நான்கையும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பாருங்கள். மாதத்தில் இரண்டு முறையாவது இன்ஜின் முழுதாகச் சூடாகும் தூரம் ஓட்டுங்கள். வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது கெடுதல்தான், சூடேறாத இன்ஜினில் ஈரம் தங்கிவிடும். நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்காக்கை மூடி, கார்பரேட்டரில் உள்ள பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு அணையுங்கள். முதல் நெடும்பயணத்துக்குக் கிளம்பும்போது ஒரு கிளட்ச் கேபிள், ஒரு ஆக்சிலேட்டர் கேபிள், பிளக், கண்டென்சர், செயின் லாக், பியூஸ், கொஞ்சம் ஒயர், ஃபீலர் கேஜ் ஆகியவற்றை டூல் பாக்ஸில் போட்டுக்கொள்ளுங்கள். மாற்றுக் கிளட்ச் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓடவிட்டுக் கட்டி வைத்தால், அறுந்த இடத்திலேயே இரு முனையையும் மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.